பேசும் பனைமரமும் பக்கத்து வீட்டுச் சாமியும்

சபைகளுக்குச் சிறுவர் புத்தகம் வெளியிடும் குழுக்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான குருவானவர்களே, குழுவில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே,

உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, தேரி என்று நாங்கள் சொல்லும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அந்தப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய ஒரு மாயக்கதையை, சபைப் புத்தகங்கள் அச்சிடும் ஒரு குழுவுக்குப் போன வருடம் அனுப்பினேன். நாலு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். எழுதியவர் கடைசிப் பக்கம் வரை பொறுமையாக வாசித்திருக்கிறார், அதற்கு அவருக்கு என் நன்றி. ஆனால் அந்தக் குறிப்புகளில் இருக்கும் பயம் அவர் ஒருவருடையது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடமும் வெகுகாலம் இருந்தது. அதனால்தான் அவருக்குத் தனியாகப் பதில் போடாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றில் தேரி மணல் நகர்ந்து வந்து ஒரு ஊரின் கிணற்றை மூடிவிடுகிறது. அந்த ஊர்ப் பனையேறி ஒருவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். தேரிக்கு நடுவே நிற்கும் மிகப் பழைய பனையின் தூரில் காதை வைத்தால் அது பேசும் என்று அவள் கண்டுபிடிக்கிறாள். கிணறு எங்கே இருக்கிறது என்று பனைக்குத் தெரியும். ஆனால் அது இடத்தைக் காட்டித் தராது. "தோண்டுவாயா?" என்று மட்டும் கேட்கும். இதற்கிடையே ஊருக்குள் ஒருவர் வருகிறார். வெளுத்த வேட்டி, இதமான பேச்சு. அவர் தரும் பானத்தில் ஒரு மிடறு குடித்தால் அப்புறம் தாகமே எடுக்காது. ஊரே வரிசையில் நின்று குடிக்கிறது. தாகம்தான் இல்லையே, கிணறு எதற்கு என்று கேட்கிறார்கள். உடம்பு உள்ளுக்குள் காய்ந்துகொண்டு வருவது ஒருவருக்கும் தெரியவில்லை.

யாக்கோபின் கிணற்றடியில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் சொன்னது இங்கே சிலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவனுக்கு ஒருக்காலும் தாகம் உண்டாகாது என்றார். "அதையா வில்லன் கையில் கொடுத்தீர்கள்?" என்று ஒரு குறிப்பு கேட்டிருக்கிறது. தெரிந்தேதான் கொடுத்தேன். போலி எப்போதும் அசலைப் போலத்தான் பேசும். ஒருவர் தண்ணீரைத் தந்து தாகத்தைத் தீர்க்கிறார். இன்னொருவர் தண்ணீரைத் தராமலே தாகத்தை மரத்துப்போக வைக்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளை கதைக்குள்ளேயே உணர்ந்துவிட்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்கு உதவும் என்று நம்புகிறேன்.

சரி, முதல் குறிப்புக்கு வருகிறேன். மரம் பேசுவது பொய், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது, மரத்தைக் கும்பிடவும் அது வழி செய்யும் என்று எழுதியிருந்தது. நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோதாம் கெரிசீம் மலை உச்சியில் நின்று சொன்ன கதையை எடுத்துப் பாருங்கள். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, திராட்சச்செடியும் மாட்டேன் என்கிறது. கடைசியில் முட்செடி, என் நிழலில் வந்து அடையுங்கள் என்று கூப்பிடுகிறது. முட்செடிக்கு ஏது நிழல்? கீழே நின்று கேட்ட சீகேம் ஊர்க்காரர்கள் யாரும் யோதாம் பொய் சொன்னான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தாங்கள் ராஜாவாக்கிய அபிமெலேக்கைத்தான் அவன் சொல்கிறான் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். பிலேயாமின் கழுதை பேசியது, எசேக்கியேலின் பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகள் எழுந்து நின்றன, வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலை வலுசர்ப்பம் வருகிறது. இவற்றையெல்லாம் வாசித்து வளர்ந்த நாம் ஒரு பனைமரத்தின் குரலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதை எது, சம்பவம் எது என்று நன்றாகத் தெரியும். தெரியாமல் தடுமாறுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூரில் பாடிய வேதநாயக சாஸ்திரியார் என்ன செய்தார்? குறி சொல்வது ஆகாது என்று உபாகமம் சொல்வது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் பெத்லகேம் குறவஞ்சியில் ஒரு குறத்தியைக் கொண்டுவந்து தலைவிக்குக் குறி சொல்ல வைத்தார். தெருவில் எல்லாரும் கூடிநின்று பார்த்த குறவஞ்சிக் கூத்தின் வடிவத்தை அப்படியே எடுத்து, அதற்குள் சுவிசேஷத்தை வைத்தார். இயேசுவை வளர்த்த யோசேப்பின் கதையான தேம்பாவணியை வீரமாமுனிவர் 1726-ல் தந்தபோது, யூதேயாவை நம் மருத நிலம் மாதிரி வயலும் வாய்க்காலுமாகப் பாடினார். இத்தாலியிலிருந்து வந்த அவருக்கு யோசேப்பு நடந்த மண் தமிழ் மண்ணாகத் தெரிந்திருக்கிறது. இங்கேயே பிறந்த நமக்கு ஏன் தெரியக் கூடாது?

எனக்கு மிகவும் பிடித்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நம் நெல்லைச் சீமைக்காரர். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட பயணக் கதையை, அரக்கனும் சந்தேகக் கோட்டையும் வரும் அந்த முழு மாயக்கதையை, எடுத்துக்கொண்டு இரட்சணிய யாத்திரிகம் என்று 1894-ல் தமிழ்க் காப்பியமாகத் தந்தார். கம்பன் தந்த தமிழை அவர் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. உள்ளே கொண்டுவந்தார். இன்றும் சில வீடுகளில் தாத்தாமார் அந்த விருத்தங்களை ராகத்தோடு சொல்வார்கள். கற்பனை நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் நான் இந்த மூன்று பேரைத்தான் காட்டுவேன்.

அடுத்த குறிப்பு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு மனப்பாட வசனமும் மூன்று கேள்விகளும் சேர்க்கச் சொன்னது. இதைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. நாத்தான் தாவீதிடம் போய் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். தாவீது கொதித்துப்போய்த் தானே தீர்ப்பும் சொன்ன பிறகுதான், "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வந்தது. ஆரம்பத்திலேயே, இந்தக் கதையின் பாடம் என்னவென்றால் ராஜாவே, என்று நாத்தான் தொடங்கியிருந்தால் தாவீது வாசலைக் காட்டியிருப்பார். கதை மனதுக்குள் இறங்கச் சற்று நேரம் கொடுங்கள். பாதிக் கதையில் நிறுத்திக் கேள்வி கேட்டால் பிள்ளை அடுத்த முறை கதையைக் கேட்காது, கேள்விக்கு எங்கே விடை வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கும். என் வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேள்விகள் வேண்டுமானால் ஆசிரியர் கையேட்டில் இருக்கட்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நாம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் 'உண்மைக் கதைகள்'. பையன் ஜெபித்தான், காய்ச்சல் போனது. பெண் ஜெபித்தாள், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். பேசும் பனையை மந்திரம் என்று ஒதுக்குகிறோம், ஆனால் சரியான வார்த்தையைச் சொன்னால் சரியான பலன் வரும் என்று சொல்லிக்கொடுக்கும் இந்தக் கதைகள்தான் மந்திரத்துக்கு மிக அருகில் நிற்கின்றன. ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார், அந்த ஒன்பது நாளும் வகுப்பே ஜெபித்தது. அடக்கம் முடிந்து இரண்டாவது ஞாயிறு அவன் என்னிடம் வந்து, "நான் சரியா ஜெபம் பண்ணலையா டீச்சர்?" என்று கேட்டான். நாம் அச்சிட்டுக் கொடுத்த கதைகளைப் படித்ததால் வந்த கேள்வி அது. அவனுக்கு ஏற்ற கதை ஒன்றைப் புத்தக அலமாரி முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. என் பனைமரம் ஏன் கிணற்றின் இடத்தைக் காட்டித் தருவதில்லை என்று குறிப்பில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் அந்தப் பையன்தான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

வெள்ளை வேட்டிக்காரர் வரும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வில்லன் யார் என்று பிள்ளைகளுக்குப் புரியாது, அதனால் அவரைச் சாமியாடியாகவோ, கையில் அரிவாளோடு நிற்கும் சுடலைமாடன் மாதிரியோ மாற்றினால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும் என்று யோசனை சொல்லியிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வரியை வாசித்தபோது கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டேன். அன்று அப்புறம் அதைத் திறக்க முடியவில்லை.

நான் ஆறாவது படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சிநேகிதி. அவர்கள் குடும்பத்துக்குச் சுடலைமாடன் குலதெய்வம். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அவளும் என்னோடு வருவாள். எங்கள் பக்கத்து ஊர்களில் இது எப்போதும் நடப்பதுதான். பாட்டும் ஆட்டமும் கடைசி நாள் கேசரியும் மிக்சரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அவளுக்குக் குரலும் நன்றாக இருக்கும், செய்கைப் பாட்டுகளில் அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். எட்டாவது நாள் கதை சொன்னவர் ஃபிளானல் பலகையில் ஒரு பிசாசின் படத்தை ஒட்டினார். பெரிய மீசை, உருட்டு விழி, ஓங்கிய அரிவாள். பெயரையும் சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து "போ, போ" என்று கத்தச் சொன்னார். கத்தினோம். நானும் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவள் கத்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், "அது எங்க ஆச்சி தெனமும் கும்பிடுற சாமி" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வரவில்லை. பத்து நாளும் வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பென்சில் டப்பாக்களில் அவள் பெயர் ஒட்டியது ஒன்று ஆலய அலமாரியிலேயே கிடந்தது. என்னோடு விளையாட வருவதை அவள் நிறுத்தவில்லை, இன்றைக்கும் பொங்கலுக்குப் பனங்கிழங்கு கொடுத்துவிடுகிறாள். ஆனால் அந்த ஆலயத்துக்குள் அவள் திரும்ப வந்ததே இல்லை. நானும் அதைப் பற்றி அவளிடம் இதுவரை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

நம் முன்னோர் பட்டது எனக்குத் தெரியாமல் இல்லை. விசுவாசத்துக்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்காக 1799-ல் முதலூர் ஏன் உண்டாக்கப்பட்டது என்று என் தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். நம் விசுவாசம் என்ன, எதை நாம் வணங்குவதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். அதில் ஒளிவுமறைவு கூடாது. அதற்கான இடம் பாடமும் பிரசங்கமும். அங்கே சொன்னால் பிள்ளை திரும்பக் கேள்வி கேட்கலாம். கதை வேறு வகையில் வேலை செய்கிறது. கதையில் ஒரு முகத்தைத் தீமைக்குக் கொடுத்துவிட்டால் அது பிள்ளையின் கனவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், கேள்வி கேட்க வழியே இருக்காது. அந்த முகம் பக்கத்து வீட்டுப் பூசையறையில் இருக்கும் முகமாக இருந்தால், நாளைக்கு அந்த வீட்டுக்கு மோர் வாங்கப் போகும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

எபேசு பட்டணத்தில் கலகம் எழுந்தபோது நடந்ததை அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். பவுல் அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் பிரசங்கித்திருந்தார். தயானாளின் கோவிலை நம்பிப் பிழைத்தவர்களின் வியாபாரமே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் அந்த ஊர் அதிகாரியே கூட்டத்தின் முன்னால் நின்று, பிடித்துவந்த இந்த மனிதர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, நம் தேவியைத் தூஷித்தவர்களும் இல்லை என்று சாட்சி சொல்கிறார். நம் ஊர்ச் சுடலைமாடன் கோவில் தர்மகர்த்தா நம் சிறுவர் புத்தகங்களைப் பற்றி இப்படிச் சாட்சி சொல்ல முடியுமா? நினைத்துப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. ஆண்டவர் சொன்ன கதைகளிலேயே மிகவும் பேர்போனது எது? அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், லேவியன் விலகிப் போகிறான். நின்றவன் சமாரியன். கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு, வேறொரு மலையில் வேறு விதமாகத் தொழுதுகொள்கிற, தள்ளிவைக்கப்பட்ட கூட்டத்து ஆள் அவன். அவனைக் கள்ளனாகக் காட்டியிருந்தால் எல்லாருக்கும் உடனே விளங்கியிருக்கும். ஆண்டவர் அந்த எளிய வழியை எடுக்கவில்லை. என் கதையில் மணலைத் தோண்டும்போது அந்தப் பெண்ணுக்கு முதலில் கைகொடுக்க வருபவர் யார் என்று இப்போது உங்களுக்குப் புரியும். சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாடும் கிழவர். அவரையும் எடுத்துவிடச் சொல்லி ஒரு குறிப்பு இருந்தது.

வெள்ளை வேட்டியும் இதமான பேச்சும் கொண்ட மனிதரைப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதல் மூன்று அத்தியாயங்களை வகுப்பில் வாசித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், அவரு நல்லவரு மாதிரி இருக்காரு, ஆனா யாருகிட்டயும் பேரு கேக்கவே இல்லையே" என்றாள். எழுதிய எனக்கே அது அதுவரை தோன்றவில்லை. வீட்டுக்குப் போய், அவர் கடைசிவரை யார் பெயரையும் கேட்காதபடி கதை முழுவதையும் திருத்தினேன். சாத்தான் ஒளியின் தூதனுடைய வேஷத்தில் வருவான் என்று எழுதிய பவுலுக்கும் அந்தப் பிள்ளைக்கும் அதிகத் தூரம் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் வந்த புகழ்பெற்ற நார்னியா கதைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, பனி, சிங்கம், தேவதாரு மரம் என்று எழுதி அனுப்புங்கள் என்று சொல்லாதீர்கள். அந்தக் கதைகளை 1950 முதல் ஏழு புத்தகங்களாகத் தந்த சி. எஸ். லூயிஸ், எதுவும் போதனையாகத் தொடங்கவில்லை, மனதில் வந்த படங்களாகத்தான் தொடங்கின என்று 1956-ல் எழுதியிருக்கிறார். குடை பிடித்த ஆட்டுக்கால் மனிதன், சறுக்கு வண்டியில் ஒரு ராணி, ஒரு பெரிய சிங்கம். அவர் நாட்டுப் பிள்ளைக்கு முடியாத பனிக்காலம் என்றால் குளிரும் இருட்டும், உடம்புக்கே தெரிந்த பயம். நம் பிள்ளைக்குப் பனி காலண்டர் படம். நம் பிள்ளைக்கு உடம்பில் தெரிந்த பயம் வேறு. கிணறு வற்றுவது, மழை பொய்ப்பது, அப்பா ஏறிய மரத்திலிருந்து இன்னும் சத்தம் கேட்கவில்லையே என்று அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பது. சந்தோஷமும் வேறுதான். குருத்தோலை ஞாயிறன்று பனை ஓலையில் சிலுவை முடைந்துகொண்டு போவது, அசனப் பண்டிகைக்கு ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, முதல் பதநீர். இவை பேசும் கதையாக வந்தால் பிள்ளைக்கு விசுவாசம் வெளியூரிலிருந்து வந்த பொருளாகத் தெரியாது.

எழுதுகிறவர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கடவுளையே ஒரு பாத்திரமாக்கி நம் வசனத்தை அவர் வாயில் வைக்கக் கூடாது. என் பனை கடவுள் இல்லை, அதற்கும் தாகம் எடுக்கும், அதுவும் கடைசியில் சாய்கிறது. சாவை மறைக்கக் கூடாது. கெட்டவனைத் தண்டிப்பதில் பிள்ளைக்கு ருசி காட்டக் கூடாது. இந்த மாதிரி விஷயங்களுக்காக நீங்கள் பென்சிலை எடுத்தால் நான் மறுபேச்சுப் பேசாமல் திருத்துவேன். இரண்டாம் அத்தியாயத்தில் பெண் அப்பாவிடம் சொல்லாமல் தேரிக்குள் போவதைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள், அது சரியான குறிப்பு. மாற்றிவிட்டேன்.

வரும் ஜூன் மாதம் பிரதியைத் திரும்ப அனுப்புகிறேன். பனை பேசும். வேட்டிக்காரர் அதே வேட்டியில்தான் வருவார், வில்லுப்பாட்டுக் கிழவரும் மண்வெட்டியோடு இருப்பார். முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். மே மாதம் எங்கள் விடுமுறைப் பள்ளி நடக்கும்போது குழுவிலிருந்து இரண்டு பேர் ஒரு மதியம் வாருங்கள். நம் சபைப் பிள்ளைகளும் சபைக்கு வெளியே இருந்து வரும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். என் சிநேகிதியின் பேத்திக்கு ஏழு வயது, அவளை அனுப்பச் சொல்லி இந்த முறை நானே போய்க் கேட்கப் போகிறேன். நீங்கள் பின்னால் உட்காருங்கள். நான் கதையை வாசிக்கிறேன். நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம், அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள்.

உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கும்,

தேரிக்காட்டு ஊர் ஒன்றின் ஞாயிறு பள்ளி ஆசிரியை